அரை அடி அதிகம்

மவுஸைப் பிடித்திருந்த என் கை அன்று வியர்த்துப்போயிருந்தது. திரையில் டில்லியின் முகம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தப் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முகம் பெரிதாகும், உள்ளே தள்ளினால் சிறிதாகும். அப்போதே இருபது வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலை, தூக்கத்தில்கூடச் செய்வேன். அன்றைக்கு நன்றாக விழித்துக்கொண்டு, தெரிந்தே, வெளியே இழுத்தேன்.

மதிய வெயில். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகர வழியில்லாமல் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கடைக்குள் பேனர் மிஷினின் மை வாசனை, பக்கத்து வீட்டில் கருவாடு வறுபடுகிற வாசனை. இரண்டும் கலந்தால் எனக்குத் தலை வலிக்கும். அந்தத் தலைவலி மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறேன். முடியவில்லை.

நான் இழுத்ததில் பக்கத்து முகத்தை அவன் முகம் மிஞ்சியது திரையில் பார்த்தால் ஒரு விரல் அகலம். அச்சடித்து மேலே கட்டினால் அரை அடி. அந்த அரை அடியால் எங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டிய ஒரு கவுன்சிலர் வராமல் போனார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி கஸ்தூரியிடம்கூட.

போன வாரம் இந்தத் தொடரில், முதல் கம்ப்யூட்டரை மீன்பாடி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த கதையை எழுதியிருந்தேன். அதை டில்லி தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து பத்துப் பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினானாம். வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் கட்டைப் பிரித்து முதல் பிரதியை எடுப்பவன் அவன்தான். 'என் தோஸ்து எழுதினது' என்று சொல்லிச் சொல்லி, எழுதியவனைவிட வாசித்தவனுக்குத்தான் இப்போது தெருவில் பேர். பாருங்கள், இதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

டில்லி அண்ணனுக்கு ஒரு போன் போடுயா

டில்லியும் நானும் கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். என் அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. படிப்பில் இரண்டு பேரும் சுமார்தான். நான் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படம் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டு பேனர் கடை வைத்தேன். அவன் கன்டெய்னர் யார்டில் கூலி வேலைக்குப் போனான், அப்படியே கட்சிக்கும் போனான்.

ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, பெரியாஸ்பத்திரியில் படுக்கை வேண்டுமா, பைப்பில் தண்ணீர் வராத நாளில் லாரி வேண்டுமா, டில்லிதான். எவரிடமும் காசு வாங்கமாட்டான். வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கஸ்தூரி வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். விவரமானவள். ஆனால் சிலிண்டர் வர இரண்டு நாள் தாமதமானால் அவள் வாயில் வருகிற முதல் வார்த்தை, "டில்லி அண்ணனுக்கு ஒரு போன் போடுயா" என்பதுதான். நான் போடமாட்டேன். சிலிண்டர் கம்பெனிக்குப் போட்டு, ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் அவளே அவனுக்குப் போன் செய்வாள். சாயங்காலம் சிலிண்டர் வந்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் அம்மா இறந்த அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் அவன். பந்தல் போட்டவன், வண்டிக்குச் சொன்னவன், மயானத்தில் பேசி முடித்தவன் எல்லாம் அவன். வந்தவர்கள் செருப்பைக் கழற்றியதும் அவனைத்தான் தேடினார்கள். "எப்ப டில்லி எடுக்கறீங்க?", "இன்னா ஆச்சு டில்லி, நல்லாத்தானே இருந்திச்சு?" என்று அவன் தோளைத் தொட்டுக் கேட்டார்கள். என் அம்மா செத்ததற்கு அவனிடம் துக்கம் விசாரித்தார்கள். அழ வேண்டிய நேரத்தில் நான் அவனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்னமோ ஓடி ஓடி எனக்குத்தான் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாச் சாமிக்கும் ஒரே வெளிச்சம்

பேனர் அடிப்பவனுக்கு ஊரில் நடக்கிற எல்லாமே ஒரு நாள் முன்னதாகத் தெரிந்துவிடும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடை திறப்பு, கட்சித் தாவல், சாவு. சாவு மட்டும் ஒரு மணி நேரம் பிந்தித் தெரியும்.

ராயபுரத்திலிருந்து மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஆர்டர் வரும். தர்காவில் சந்தனக்கூடு என்றால் பச்சை. வியாசர்பாடியிலிருந்து புத்த பூர்ணிமாவுக்கு நீலம். ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு அம்மன், மஞ்சளும் சிவப்புமாக. எல்லாவற்றுக்கும் பின்னால் வைக்க என்னிடம் இருப்பது ஒரே ஒளிக்கதிர்ப் படம்தான், கடை திறந்த வருஷம் ஒரு பையன் சி.டி.யில் கொடுத்தது. அம்மன் தலைக்குப் பின்னாலும் அதுதான், மாதாவுக்கும் அதுதான், கட்சித் தலைவருக்கும் அதுதான்.

மதத்தைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்து சாமிகளுக்குள் சண்டை இல்லை. சாமிக்குக் கீழே யார் முகம் வருவது என்பதில்தான் சண்டை. இரண்டு பங்காளிகள் ஒரே கோயிலுக்கு ஒரே விழாவுக்குத் தனித்தனியாகப் பேனர் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அம்மன் ஒரே அம்மன். நான் அந்தப் படத்தை மாற்றக்கூட இல்லை.

ஒரு சாண், அரைச் சாண்

அரசியலும் அளவுதான். கட்சிக்காரர்கள் கொள்கை என்று எதைச் சொன்னாலும், என் கடைக்கு வந்தால் பேசுவது அடிக்கணக்கில்தான்.

இருபதுக்குப் பத்து பேனர் என்றால் மேலே தலைவர் முகம் மூன்று அடி. அவருக்குப் பக்கத்தில் மாவட்டச் செயலாளர் இரண்டு அடி. மாவட்டச் செயலாளரை யாரும் பேர் சொல்லமாட்டார்கள், 'மாவட்டம்' என்பார்கள். 'மாவட்டம் வராரு', 'மாவட்டம் சாப்ட்டாரா' என்று. அதற்குக் கீழே வார்டைப் பார்த்துக்கொள்கிற வட்டச் செயலாளர், அதாவது எங்கள் டில்லி, ஒரு அடி. அடிவரிசையில் பாஸ்போர்ட் சைஸில் தொண்டர்கள், காலண்டர் தேதிகள் மாதிரி.

இதில் கை தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடை வைத்த புதிதில் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று அவர் முகத்தை அவருக்கு மேலே உள்ளவர் அளவுக்குப் போட்டுக் கொடுத்தேன். கட்டின அன்றே கிழித்தார்கள். நாலு பேர் என் கடைக்குள் வந்து, ஒன்றும் பேசாமல், மிஷினைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒரு அட்டையில் அளவுகளை எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடிவரிசையில் ஒரு முகமாகத்தான் டில்லி முதலில் என் கடைக்கு வந்தான். கட்டை விரல் அளவு. அடுத்த வருஷம் உள்ளங்கை அளவு. அப்புறம் முழு முகம், அப்புறம் கை கூப்பின இடுப்பளவுப் படம். அவனை வளர்த்தது கட்சி என்று ஊர் சொல்லும். ஒவ்வொரு முறையும் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியவன் நான். அவன் கன்னத்து மருவை, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை, கலைந்த முடியை எல்லாம் சரி செய்து அழகாக்கியவனும் நான். என் முகம் ஒரு பேனரிலும் வந்ததில்லை. வலது கோடியில் எறும்பு அளவில் கடைப் பேரும் போன் நம்பரும் வரும். எவன் குனிந்து படிக்கப்போகிறான்?

காதுகுத்துப் பேனரின் அளவு

நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் டி.வி. பார்ப்பதில்லை. காதுகுத்துப் பேனரின் அளவைப் பார்ப்பேன். நல்ல காலத்தில் பன்னிரண்டுக்கு எட்டு கேட்பார்கள், தாய்மாமன் படத்துக்குப் பின்னால் சிங்கம் வேண்டும் என்பார்கள். நெருக்கடி வந்தால் ஆறுக்கு நாலு, சிங்கம் வேண்டாம். இன்னும் நெருக்கினால், "அண்ணே, செல்போன்ல அனுப்பற மாரி மட்டும் பண்ணிக் குடு, அடிக்க வாணாம்."

மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாசமும் காசிமேட்டிலிருந்து ஒரு ஆர்டர் வராது. எண்ணூரில் எந்தக் கம்பெனியாவது கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினால் பதினைந்து நாளில் எனக்குத் தெரியும். காத்திவாக்கத்தில் முகத்துவாரத் தண்ணீரில் எண்ணெய் மிதந்து இறால் செத்த வருஷம், அந்தக் குப்பங்களிலிருந்து ஒரு கல்யாணப் பேனர்கூட வரவில்லை.

கொரோனா ஊரடங்கில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு கண்ணீர் அஞ்சலி மட்டும் அடித்தேன். பாதிப் பேருக்கு நல்ல போட்டோ கிடையாது. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்வார்கள். தோளில் பக்கத்தில் நின்றவரின் கை தெரியும், அந்தக் கையை அழிக்க வேண்டும். அந்த மாதங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

அதோடு கோர்ட்டுக் கெடுபிடி, அனுமதிக் கெடுபிடி. பெரிய ரோட்டில் பேனர் வைப்பது குறைந்துபோனது. வட்டி கட்ட முடியாமல் மிஷினை விற்றுவிடலாம் என்று நான் நினைத்தபோது, கட்சி ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து என்னிடம் கொண்டுவந்தவன் டில்லிதான். அவனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவனுக்கு நான் கடமைப்பட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

எட்டு போட்டோ

அந்த ஆடி மாசத்துக்கு வருகிறேன். கார்ப்பரேஷன் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. எங்கள் வார்டுக்கு டில்லிக்குத்தான் சீட்டு என்று டீக்கடையில் முடிவே செய்துவிட்டார்கள். எங்கள் தெருப் பைப்பில் காலையில் முதல் இரண்டு குடம் சாக்கடை நாற்றத்தோடு வரும். கீழே எங்கோ குடிநீர், சாக்கடை இரண்டு குழாயும் உடைந்து கலக்கிறது. பதினைந்து வருஷமாக மனு கொடுக்கிறோம்.

"கவுன்சிலர் ஆனா மொத வேல அந்தப் பைப்தான் மாமு. அந்தக் கலீஜ் தண்ணியப் புள்ளைங்க குடிக்குது" என்று டில்லி சொன்னான். எனக்கே தெரியும், செய்வான்.

தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மாவட்டம் வருவதாகச் சொல்லியிருந்தார். தெருவை, ஜனங்களை, டில்லிக்கு இருக்கிற செல்வாக்கைப் பார்க்கத்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. அம்மன் பேனரில் மாவட்டம் முகமும் வர வேண்டும் என்று டில்லி கேட்டான். விழாக்குழு ஆட்களின் போட்டோக்களைச் செல்போனில் அனுப்பினான்.

எட்டு போட்டோ வந்தது. பால் வண்டிக்காரர், ஐஸ் கம்பெனி மேஸ்திரி, மெடிக்கல் ஷாப்காரர் என்று எட்டு முகம். ஒன்பதாவதற்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கோயிலுக்கு லாபம் வைக்காமல் அடித்துக் கொடுப்பவன் நான். அந்த வருஷம் என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள். முதல் தடவையாக என் முகம் மேலே ஏறப்போகிறது என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சலூனுக்குப் போய் முடிகூட வெட்டிக்கொண்டிருந்தேன். போனை அணைத்துத் திறந்து பார்த்தேன். எட்டுதான்.

என்னை விட்டுவிட்டான். அம்மாவின் சாவைப் பிடுங்கிக்கொண்டவன், என் வீட்டு சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டவன், ஒரு பாஸ்போர்ட் சைஸ் இடத்தை எனக்குத் தரவில்லை. அட்டையைப் பார்த்தேன். மாவட்டம் இரண்டு அடி, வட்டம் ஒரு அடி. டில்லியின் முகத்தைச் சின்னதாக்கினால் அவன் சண்டைக்கு வருவான். பெரிதாக்கினால்?

மாவட்டம் இரண்டு அடி. டில்லியை இரண்டரை அடிக்கு இழுத்தேன்.

சாயங்காலம் பார்க்க வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, வியர்வையோடு, பேனரின் மேல் பாதி மட்டும் தெரிந்த திரைக்கு முன்னால் குனிந்தான்.

"இன்னாடா மாமு, என் மூஞ்சி கொஞ்சம் பெருசா கீதே?"

"இது இன்னா கட்சி மாநாடாடா? அம்மன் திருவிழா. விழாக்குழுத் தலைவர் நீ. தெரு ஜனம் உன் மூஞ்சியத்தான் பாக்கணும். மாவட்டம் விருந்தாளியா வராரு, அவரு பக்கத்துல குந்தட்டும்" என்றேன். முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்த பதில்.

தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். "ஒண்ணும் ராங் ஆவாதே?"

"இருபது வருஷமா இதே வேலையாத்தானே கீறேன்."

"அப்ப சரி. வுனக்குத் தெரியாததா? அடிச்சிடு" என்று என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு எழுந்து போனான். அந்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது.

கூழ் சொம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் வாசலில் பெரிய அண்டாக்களில் கூழ் கொதித்தது. முருங்கைக்கீரை ஒரு பக்கம், கருவாட்டுக் குழம்பு ஒரு பக்கம். உடுக்கைச் சத்தம், ஒலிபெருக்கிச் சத்தம். பந்தல் முகப்பில் சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் ஏணியில் ஏறி, நானேதான் பேனரைக் கட்டினேன். நாலு மூலை, நாலு முடிச்சு.

இறங்கி வந்ததும் டில்லி பக்கத்தில் வந்து நின்றான். கை முழுக்கக் கூழ். அண்ணாந்து பார்த்தான். தன் முகத்தைப் பார்க்கவில்லை. அடிவரிசையை விரலால் எண்ணினான்.

"எங்கடா வுன் மூஞ்சி?"

"நீ அனுப்பலியே."

"பைத்தியமாடா நீ? வுன் போட்டோ வுன்னாண்டதானே கீது? வுன் மூஞ்சிய வுனக்கே நான் அனுப்பணுமா?" என்று சிரித்தான். "கூச்சப்பட்டுக்கினு வுட்டுட்டியா? அட போடா. பெருசா, என் பக்கத்துலயே போடுவன்னு நெனச்சேன்."

சிரித்தபடியே அண்டாவுக்குத் திரும்பிப் போய்விட்டான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாவட்டத்தின் கார் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஏணி கையில் இருந்தது. நாலு முடிச்சையும் அவிழ்க்க ஐந்து நிமிஷம் போதும். பேனர் கிழிந்துவிட்டது, காற்றில் கயிறு அறுந்துவிட்டது, எது சொன்னாலும் நம்பியிருப்பான். என்னை நம்புவதில்தான் அவனுக்கு ஒரு குறையும் இல்லையே. முதல் படியில் காலை வைத்தேன்.

அப்போது கஸ்தூரி கூழ் வாங்கத் தூக்குச் சட்டியோடு வந்தாள். மேலே பார்த்து, "டில்லி அண்ணன் இன்னா சோக்கா கீறாரு பாரேன். பொறந்ததே பேனர்ல நிக்கத்தான் போல" என்றாள். காலைக் கீழே வைத்துவிட்டேன்.

போட்டோ விஷயத்தில் அவன்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் காலைக் கீழே வைத்தேன். முதல் தப்பைக் கோபத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. சுத்தமான பொறாமை.

கார் வந்தது. மேளம் அடித்தார்கள், சால்வை போட்டார்கள். டில்லி தன் கையால் ஒரு சொம்பு கூழை நீட்டினான். மாவட்டம் வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோகும்போது அண்ணாந்தவர் மேலே பேனரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறவில்லை. சொம்பைப் பக்கத்தில் நின்ற உதவியாளர் கையில் கொடுத்தார்.

"நல்லா பண்ணியிருக்கே டில்லி. இனிமே நாங்கதான் உன்னைப் பார்க்க வரணும் போல" என்றார். கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அம்மனுக்குக் கற்பூரம் காட்டக்கூட நிற்கவில்லை.

டில்லி அந்தக் காரின் பின்னாலேயே பத்தடி ஓடினான். அப்புறம் நின்று திரும்பி, பேனரைப் பார்த்தான். இந்தத் தடவை தன் முகத்தைப் பார்த்தான்.

சொன்னது யார்

சீட்டு அடுத்த தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவருக்குப் போனது. வட்டச் செயலாளர் பதவியை யாரும் பிடுங்கவில்லை. அடுத்து வந்த நிர்வாகிகள் பட்டியலில் டில்லி பேர் இல்லை, அவ்வளவுதான்.

தெருவிலும் பேச்சு மாறியது. "தல கனம் ஏறிப்போச்சு அவனுக்கு. மாவட்டத்தவிட மூஞ்சியப் பெருசாப் போட்டுக்கினான். வேணும்" என்று டீக்கடையில் சொன்னார்கள். அவனிடம் சிலிண்டர் வாங்கினவர்களும் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கினவர்களும் சொன்னார்கள். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது.

மூன்றாவது நாள் மாவட்டத்தின் அந்த உதவியாளர் என் கடைக்கு வந்தார். அரிசி மண்டிக்காரரின் தேர்தல் பேனர்கள் மொத்தமும் எனக்கு என்றார். நான் ஸ்டூலைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஏன்யா ஏழுமலை, பயந்துட்டியா? உன் மேல ஒண்ணும் இல்ல" என்றார். "டில்லியக் கூப்பிட்டு மாவட்டம் கேட்டாரு. கடைக்காரன் தானா போட்டானா, நீ சொல்லிப் போட்டானான்னு. அவன் நிமிந்து நின்னு, நான்தாங்க அளவு சொல்லி அடிக்கச் சொன்னேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னான். பொழச்ச போ. அவன் மட்டும் கடைக்காரன்னு சொல்லியிருந்தா, இந்த ஏரியால ஒருத்தனும் உன்னாண்ட ஒரு ஸ்டிக்கர்கூட அடிச்சிருக்க மாட்டான்."

அந்த ஆர்டரை எடுத்தேன். மிஷினுக்குத் தவணை இருந்தது. அரிசி மண்டிக்காரரின் முகத்தை ஒரு அடி வைத்து அடித்தேன், சரியான அளவில், கன்னத்து மருவை எல்லாம் எடுத்துவிட்டு. அவர் ஜெயித்தார். ஜெயித்த பிறகு எங்கள் தெருவுக்குள் ஒரு முறை வந்தார், நன்றி சொல்ல.

முதல் இரண்டு குடம் இன்னும் அதே நாற்றத்தோடுதான் வருகிறது. கஸ்தூரி அதைப் பிடித்துச் சாக்கடையிலேயே ஊற்றுகிறாள். ஊற்றும்போதெல்லாம் கவுன்சிலரைத் திட்டுகிறாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை

டில்லி மறுபடியும் கன்டெய்னர் யார்டுக்குப் போகிறான். ஐம்பது வயதில் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டுகிற வேலை. கட்சி இல்லை, பதவி இல்லை. ஆனாலும் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். தலைக்கனம் என்று பேசினவர்களும்தான் தட்டுகிறார்கள். என் கதவை இன்றைக்கும் யாரும் தட்டியதில்லை. அதற்கும் எனக்குப் பொறாமைதான். எல்லாவற்றையும் இழந்துவிட்டு நிற்கிறவன்மேல் பொறாமைப்படுகிறேன் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேண்டுமென்றே செய்தது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை இத்தனை வருஷத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்கு வருகிறான், அந்த ஸ்டூலில் உட்காருகிறான், அளவு எழுதிய அட்டை அவன் மூக்குக்கு நேராக இருக்கிறது. ஒரு நாளும் கேட்டதில்லை.

நேற்று இது வரைக்கும் எழுதிக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். படித்து முடித்ததும் தாள்களை அடுக்கிக் கையில் கொடுத்தாள்.

"அனுப்பிடு" என்றாள். "ஆனா இன்னிக்கி என்னாண்ட பேசாத."

வியாழக்கிழமை காலையில் நானும் டீக்கடைக்குப் போவேன். அவன் கட்டைப் பிரிப்பான், முதல் பாராவிலேயே தன் பேரைப் பார்ப்பான், 'தபாருடா, நான் வரேன் இந்த வாரம்' என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமாக ஆரம்பிப்பான். எந்த வரியில் அவன் சத்தம் குறையும் என்று எனக்குத் தெரியாது. எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஓடமாட்டேன்.

டில்லி, இது வரைக்கும் படிச்சிருந்தா நடுவுல நிறுத்திடாத மாமு. சொம்பக் கைமாத்தினவரு இதப் படிக்க மாட்டாரு. தல கனம்னு சொன்னவங்க எல்லாம் வுன்ன சுத்தித்தான் குந்திக்கினு கீறாங்க. அவங்களுக்குக் கேக்கற மாரி, இந்தக் கடைசி வரிய மட்டும் நல்லா சத்தமாப் படி: டில்லி மூஞ்சிய மாவட்டத்தவிடப் பெருசாக்கினது டில்லி இல்ல, நான்.